ஏழு மணி ஆட்டத்தில் காணாமல் போகிறவள்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் எது உடைந்தாலும் இரண்டு நாளில் எனக்குத் தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சுவர் மெலிசு, என் காது நல்ல காது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட எனக்கே இரண்டாம் மாடி லேப்காரி வீட்டு விவகாரம் பிடிபட ஆறு வாரம் ஆயிற்று. அடுத்தவர் முதுகையே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தன் முதுகு தெரியாது என்பது சரிதான்.

லேப்காரி என்று நான் சொல்வது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவளை. நாற்பத்தாறு வயது. விடிவதற்கு முன் போய் மூன்று மணிக்குத் திரும்புவாள். வலிக்காமல் ஊசி குத்துவாள், வலிக்கிற மாதிரிப் பேசுவாள். புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். என் வீட்டு வாசலில் நின்றபடியே உள்ளே ஓடும் ஃப்ரிட்ஜின் சத்தத்தைக் கேட்டு, "அக்கா, இதுக்கு ஆயுசு ஆறு மாசம்" என்று சொன்ன மனுஷர். ஆறாம் மாதம் அது நின்றது. வாய்முகூர்த்தமா தொழில் ஞானமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஒரே மகள். படிக்க வெளியூர் போய் ஹாஸ்டலில் இருக்கிறாள். போகும்போது, டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டியை அம்மாவிடம் ஒப்படைத்து, "தூசி படாம பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவும் தூசி படாமல் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டாள்.

அதைக் கண்டுபிடித்தது நான்தான். ஒரு மாலை அவர்கள் வீட்டைத் தாண்டிப் படியேறிக்கொண்டிருந்தேன். உள்ளே துப்பாக்கிச் சத்தம். கூடவே லேப்காரியின் குரல்: "எழுந்திரு, எழுந்திரு! நான் வந்துட்டேன்ல, ஒண்ணும் ஆகாது!" ஐயோ, அந்த மனுஷர்தான் மயங்கி விழுந்துவிட்டார் போல என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். சோபா நுனியில் உட்கார்ந்து, காதில் மைக்கும் கையில் கன்ட்ரோலருமாக இருந்தாள்.

"யாரும்மா விழுந்தது?"

"தூக்கம் விழுந்துட்டாக்கா. ரெண்டு நிமிஷம் உக்காருங்க, எழுப்பிட்டு வரேன்."

தூக்கம் என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். அந்த விளையாட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நாலு பேர் ஒரு கோட்டையைக் காக்க வேண்டும், எதிர்ப்பக்கம் நாலு பேர் அதைப் பிடிக்க வர வேண்டும். ஓர் ஆட்டம் அரை மணி நேரம். இவள் கூட்டத்தில் கேப்டன், தூக்கம், கிளி என்று மூன்று பெண்கள், நாலாவது இவள். இவளுக்கு மகள் வைத்துக்கொடுத்த பெயர் ஊசி. மற்ற மூவரும் எந்த ஊர், என்ன வயது என்று இவளுக்குத் தெரியாது. முகம் பார்த்ததில்லை. "கல்யாணம் ஆனவங்களா?" என்று கேட்டேன். "கேக்கலைக்கா" என்றாள். இரண்டு வாரமாகப் பேசுகிறாளாம், அதைக்கூடக் கேட்கவில்லையாம்! நானாக இருந்தால் முதல் நாளே ஜாதகம் வரைக்கும் வாங்கியிருப்பேன்.

சண்டை போடுவது ஊசியின் வேலையில்லை. அடிபட்டு விழுகிறவர்களிடம் ஓடிப்போய் எழுப்பிவிட வேண்டும். அவள் இருந்தால் மற்ற மூவரும் துணிந்து முன்னால் போவார்கள். அவள் இல்லாவிட்டால் ஒவ்வொருத்தியாக விழுந்து ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இதை எனக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு காபி ஆறுகிற நேரம் பிடித்தது. புரிந்தபின், சிரிக்கத்தான் வந்தது. நாள் முழுக்க ஊர்க்காரர்களுக்கு ஊசி குத்திவிட்டு, வீட்டுக்கு வந்து ஊர் தெரியாதவர்களுக்கு முதலுதவி!

செவ்வாயும் சனியும் மாலை ஏழு மணிக்குப் பந்தய ஆட்டம். புள்ளிகள், பட்டியல், மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் உண்டு. அதற்கு முன்பு வரை இவள் சும்மா நாலு மணி, ஐந்து மணிக்கு யாரோடாவது விளையாடிக்கொண்டிருந்தாள், ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மூவரோடு சேர்ந்து ஏழு மணி ஆட்டத்துக்குப் போனதிலிருந்துதான் பீடை பிடித்தது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிஷம், நாலு நிமிஷம், டிவியில் படம் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு பலகை, கீழே எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு. ஐந்து நிமிஷம் கழித்து எல்லாம் தானாகவே சரியாகிவிடும். அதற்குள் அங்கே கோட்டை போயிருக்கும்.

எனக்கு ஏழு மணிக்கு வேறு வேலை இருப்பதால் ஆட்டத்தின் தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. ஏழரைக்கு மேல்தான் ஏறிப் போவேன். போகும்போதெல்லாம் போர் முடிந்து துக்கம் விசாரிக்கிற கட்டமாகவே இருக்கும்.

"நான் சரி பண்றேன்" என்றார் ஃப்ரிட்ஜ்காரர். அந்த வாக்கியத்தில் ஆரம்பித்ததுதான் ஆறு வாரம்.

அவர் கை வைத்தால் எந்தச் சாமானும் ஓடும் என்பது கட்டடத்துக்கே தெரியும். ஆனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே ஃப்ரிட்ஜ்தான். முதலில் கேம் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி, "பத்து நிமிஷம் ரெஸ்ட் குடுக்கணும், உடனே போடக் கூடாது" என்றார். பிறகு அலமாரிக்குள் காற்றோட்டம் இல்லை என்று வெளியே எடுத்து வைத்தார். அடுத்த வாரம் பெட்டியையே திறந்து, உள்ளே இருந்த குட்டி ஃபேனைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். மகள் வீடியோ அழைப்பில் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, அதுல கேஸ் நிரப்பிடாதீங்க" என்றாள்.

கேம் பெட்டியிலேயே இணைப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு இடம் உண்டு. அமைப்புகளுக்குள் போய் அமுக்கினால் ஒவ்வொன்றாகப் பச்சை டிக் விழும். காலையில் டிபனுக்கு முன் அவர் அதை அமுக்குவார். எல்லாம் பச்சை. மாலையில் அவளிடம், "காலையில பாத்தேன், எல்லாம் பாஸ்" என்பார்.

"ஏங்க, காய்ச்சல் ராத்திரி வருதுன்னா காலையில வந்து ரத்தம் குடுத்தா என்ன தெரியும்?" என்பாள் அவள்.

"உன் லேப் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம்."

ஏழு மணிக்கு அவள் "போச்சு!" என்று கத்தியதும் அவர் முதலில் தன் கைபேசியைப் பார்ப்பார். அதில் நெட் வரும். "என் ஃபோன்ல வருதே, அப்போ வைஃபை நல்லாத்தான் இருக்கு. உன் பெட்டிதான் கோளாறு" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் தலையை விடுவார். வைஃபை போனதும் கைபேசி சத்தமில்லாமல் சிம் கார்டின் நெட்டுக்குத் தாவிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது? டிவிக்குப் பின்னால் ஒயர்களையெல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் அங்கே ஃப்ரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருக்கிற வைஃபை பெட்டியை அண்ணாந்து பார்ப்பதற்குள் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அங்கே எல்லா விளக்கும் சமர்த்தாகப் பச்சையில் எரிந்துகொண்டிருக்கும்.

வைஃபை காற்றில் வருவதால்தான் அறுந்துபோகிறது என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் நீளமாக ஒரு கேபிள் இழுத்தார். கதவு நிலையை ஒட்டி, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, வளைவில் கூட மடங்காமல் அவ்வளவு நேர்த்தி. செவ்வாய்க்கிழமை ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு அந்த நேர்த்தியான கேபிளோடு சேர்ந்தே இணைப்பு போயிற்று. பிறகு யாரோ சொல்லி அமைப்புகளில் நாலைந்து எண்களை மாற்றினார். பிறகு வேறு யாரோ சொல்லி மாற்றியதை மாற்றினார்.

"கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கப்பா" என்றாள் மகள்.

கம்பெனி ஆள் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். எல்லா விளக்கும் பச்சை. "எங்க லைன்ல ஒண்ணும் இல்ல சார், உங்க மெஷினைப் பாருங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போனபின் ஃப்ரிட்ஜ்காரர் இரண்டு நாள் அந்தக் கூடத்தையே கொல்லன் பட்டறை ஆக்கினார்.

இதுவரைக்கும் நடந்தது வேடிக்கை. இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் ஏழரைக்கு மேலே போனேன். இணைப்பு திரும்பி வந்திருந்தது, ஆட்டம் போயிருந்தது. மைக்கைக் கழற்றி வைத்திருந்ததால் அந்தப் பெண்கள் பேசுவது டிவியிலேயே கேட்டது. இவள் திரும்பி வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை போல.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல" என்றது கிளியின் குரல். "எதிர்ல பலமான டீம் வந்தா மட்டும் கரெக்டா அவங்களுக்கு நெட் போகுது. தோத்துடுவோம்னு தெரிஞ்சா ப்ளக்கைப் புடுங்கிட்டு ஓடிடறாங்க. நாம பைத்தியக்காரிங்களா?"

"கிளி, விடு" என்றது கேப்டன்.

"எத்தனை வாட்டி விடறது?"

லேப்காரி கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஊசி குத்தும்போது இருக்கிற அதே முகம். நானும் ஒன்றும் கேட்காதவள் போல நைசாக இறங்கி வந்துவிட்டேன்.

இறங்கி வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மறுநாள் துணி உலர்த்தும்போது மூன்றாம் மாடிக்காரியிடம், "தோக்கப் போறோம்னா ப்ளக்கைப் புடுங்கிட்டு ஓடிடறாளாம்" என்று சொல்லிச் சிரித்தேன். கிளி சொன்னாள் என்றுதான் சொன்னேன், நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வியாழக்கிழமைக்குள் படியில் போகிற சின்னப் பெண்கூட லேப்காரியைப் பார்த்து, "ஆன்ட்டி, இன்னிக்கு ப்ளக்கா?" என்று கேட்டுவிட்டது.

அன்று மாலை ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். லேப்காரி சாப்பாட்டு மேஜையில் ஒரு கட்டம் போட்ட நோட்டை விரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "யார் சொன்னாங்கன்னு நான் கேக்கப் போறதில்லக்கா" என்றாள். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

கேப்டனிடமிருந்து செய்தி வந்திருந்ததாம். சனிக்கிழமை ஆட்டம் கடைசி. அதிலும் பாதியில் போனால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

"போனா போகுது, வேற கூட்டமா இல்ல?" என்றேன்.

"கூட்டம் இருக்குக்கா. இங்க விட்டா வேற எங்கயாவது போய் விளையாடலாம். ஆனா இவங்க மூணு பேரும் என்னை ஓடிப்போறவன்னு நினைச்சுக்கிட்டே இருப்பாங்க இல்ல? நான் இருபத்திரண்டு வருஷமா வேலை பாக்கறேன். மயங்கி விழுந்தவங்க, கையை உதறினவங்க, குழந்தையைப் புடிச்சுக்கிட்டு அழுத அம்மா, எத்தனை பாத்திருப்பேன். பாதியில ஊசியை விட்டுட்டுப் போனதில்ல." அவள் நோட்டைத் தட்டினாள். "அவர் ஒயரைப் பாத்துக்கிட்டே இருக்காரு. நான் நேரத்தைப் பாப்போம்னு எழுதிட்டு வரேன்."

எட்டிப் பார்க்காமல் இருக்க நான் என்ன ஞானியா? தேதி, ஆட்டம் தொடங்கிய நேரம், இணைப்பு போன நேரம், திரும்ப வந்த நேரம். 7.02 முதல் 7.07. 7.04 முதல் 7.09. 7.01 முதல் 7.06. வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் சிவப்பு மையில் 'போகவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"இந்த மூணு நாள்தான் புரியல" என்றாள். "எல்லா நாளும் போச்சுன்னா ஒரு கணக்கு. எப்பவாவது போச்சுன்னா ஒரு கணக்கு. இந்த மூணு நாள் மட்டும் ஏன் நல்லா இருந்துச்சு?"

அந்த மூன்று தேதிகளையும் எனக்குத் தெரியும். ஒன்று சனிக்கிழமை, அடுத்தது அதற்குப் பின்வந்த செவ்வாய். அந்த வாரம் முழுக்க நான் தங்கச்சி வீட்டில் இருந்தேன். மூன்றாவது, நான் முழங்காலுக்கு டாக்டரிடம் போன நாள்.

பாத்திரத்தை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வந்தேன்.

இங்கே மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் ஸ்விட்ச் வாசல் படிக்குக் கீழே இருக்கிறது. அதைப் போட்டு நிறுத்துகிற பொறுப்பு என்னுடையது. மாலை ஏழு மணிக்குப் போட்டால் ஏழரைக்கு டேங்க் நிறையும். ஏன் ஏழு மணி என்று கேட்டால், எல்லாரும் வேலை முடிந்து குளிக்கிற நேரம், தண்ணீர் வேண்டுமே என்பேன். உண்மை என்னவென்றால், எல்லாரும் வீடு திரும்புகிற நேரம் அதுதான். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது பொறுப்பு. பொறுப்போடு நிற்கிறவளை, "என்ன இங்கேயே நிக்கிறீங்க?" என்று யாரும் கேட்க முடியாது. யார் யாரோடு வருகிறார்கள், யார் கையில் என்ன பை, யார் கண் சிவந்திருக்கிறது, அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு வாரத்துக்கான சரக்கு கிடைத்துவிடும். நான் இல்லாத நாளில் வாட்ச்மேன் காலையிலேயே ஓட்டிவிடுவார்.

மோட்டாரைப் போட்டதும் கட்டடத்தில் விளக்குகள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். அதற்கும் கேம் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அந்த ஒரு நாள் முழுக்க நான் யோசித்தேன். பேசாமல் சனிக்கிழமை மோட்டாரைப் போடாமல் விட்டுவிட்டால் போதுமே, அவள் ஆட்டம் நடந்துவிடும், எனக்கும் அவமானமில்லை என்று முதலில் தோன்றியது. ஆனால் செவ்வாய் வரும், அடுத்த சனி வரும். ஒவ்வொரு வாரமும் அவளுக்குத் தெரியாமல் நான் அவள் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெயரைக் கெடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, அதுவும் துணி உலர்த்தும்போது, கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே. அதைத் திருப்பி வைக்க எத்தனை வாக்கியம் வேண்டுமென்று எண்ணிப் பார்த்தேன். பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஏறிப் போனேன். இரண்டு பேரும் இருந்தார்கள்.

"ஏம்மா, உன் நோட்டுல இருக்கறதெல்லாம் நான் மோட்டார் போடற நேரம்" என்றேன். "அந்த மூணு நாளும் நான் போடல. அப்புறம்... அந்த ப்ளக் பேச்சும் என் வாயிலேர்ந்து போனதுதான்."

லேப்காரி நோட்டை எடுத்து விரித்தாள். "ரெண்டாவது எனக்குத் தெரியும்" என்றாள். "முதல்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

ஃப்ரிட்ஜ்காரர் சிரித்தார். "அக்கா, மோட்டார் எங்கயோ கீழ ஓடுது. அது ஓடினா வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், வாஸ்தவம். அதுக்காக எங்க வீட்டு நெட் போகுமா? வைஃபை பெட்டி எதுல மாட்டியிருக்கு தெரியுமா? ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்ல. வோல்டேஜ் இறங்கினா அதுவே கட் பண்ணிட்டு, மூணு நிமிஷம் கழிச்சு..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

லேப்காரி மெல்ல, "கட் பண்ணிட்டு?" என்றாள்.

அவர் சமையலறையைப் பார்த்து நடந்தார். அவள் என் பக்கம் திரும்பி, "கீழ போய்ப் போடுங்கக்கா. நான் சொன்னதும் நிறுத்துங்க. மூணு தடவை பாக்கணும். ஒரு தடவை வந்ததை நான் ரிசல்ட்னு எழுத மாட்டேன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டு நாடகங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும்விடப் பார்க்க வேண்டிய ஒரு முகம் அந்தச் சமையலறையில் இருந்தபோது, நான் இரண்டு மாடி கீழே ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து "போடுங்க!" என்று குரல் வரும். போடுவேன். "நிறுத்துங்க!" என்பாள். நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மூன்று முறை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம், "என்னக்கா, மோட்டார் ரிப்பேரா?" என்று என்னை விசாரித்தார்கள். ஒரு நாளும் என்னை யாரும் இப்படி விசாரித்ததில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போனபோது ஃப்ரிட்ஜ்காரர் சமையலறைத் தரையில் ஃப்ரிட்ஜுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள்தான் எனக்கு விவரம் சொன்னாள். மோட்டார் கிளம்பியதும் விளக்கு சிமிட்டுகிறது. ஸ்டெபிலைசரில் டிக் என்று ஒரு சத்தம். ஃப்ரிட்ஜும், அதிலேயே மாட்டியிருந்த வைஃபை பெட்டியும் அணைகின்றன. மூன்று நிமிஷம் கழித்து ஸ்டெபிலைசர் திரும்ப மின்சாரம் விடுகிறது. வைஃபை பெட்டி கண் விழித்து நெட்டைப் பிடிக்க இன்னும் இரண்டு நிமிஷம். மொத்தம் ஐந்து. கூடத்தில் கேம் பெட்டியும் டிவியும் நேராகச் சுவரில் மாட்டியிருந்ததால் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"கம்ப்ரசருக்குத்தான் அந்த மூணு நிமிஷம்" என்றார் அவர், ஃப்ரிட்ஜைப் பார்த்தபடியே. "நின்ன உடனே திரும்பக் கிளம்பினா கம்ப்ரசர் போயிடும். வைஃபை பெட்டிக்கு அதெல்லாம் எதுக்கு? நான்தான் மாட்டினேன். வோல்டேஜ்ல எதுவும் போயிடக் கூடாதேன்னு." ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்து, "ஊர்ல எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்னாலும் எனக்குக் கேக்கும். என் வீட்டு ஃப்ரிட்ஜ் ஆறு வாரமா நின்னிருக்கு, நான் டிவிக்குப் பின்னாடி இருந்திருக்கேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என்னிடம் நல்ல நல்ல வாக்கியங்கள் இருந்தன. லேப்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"ஒரு ப்ளக்தானே" என்றாள் அவரிடம். "எடுத்து வேற இடத்துல மாட்டுங்க. கூடத்துக்குக் கேபிள் அழகாத்தான் இருக்கு, அது இருக்கட்டும்."

அவர் எழுந்து மாட்டினார். மாட்டிவிட்டு, "உன் கேப்டன்கிட்ட நான் பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். ஸ்டெபிலைசர் படம் வேணும்னாலும் அனுப்பறேன்" என்றார்.

"வேணாங்க. ஓடிப்போனவளுக்கு சாட்சி சொல்லப் புருஷன் வந்தான்னு கிளி அதையும் சேத்துக்குவா."

"அப்புறம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு உக்காந்து விளையாடறேன். அவ்வளவுதான்."

சனிக்கிழமை நான் மோட்டாரைக் காலையிலேயே ஓட்டிவிடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எப்பவும் போல ஏழு மணிக்கே போடுங்கக்கா. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்." அதனால் ஏழு மணிக்குப் போட்டு நிறுத்துகிற பொறுப்பை மூன்றாம் மாடிக்காரியிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன். அந்த அரை மணி நேரத்தில் வாசலில் யார் யாரோடு வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது. யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண்கள் பேசுவது எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தை டிவியிலேயே வைத்திருந்தாள். கூடத்தில் விளக்கு சிமிட்டியது. ஃப்ரிட்ஜ்காரர் சமையலறைப் பக்கம் ஓடினார். டிவியில் படம் நிற்கவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கதை முடிந்தது, இனி ஜெயித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஜெயிக்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்தவர்கள் யமகிங்கரர்கள். ஐந்தாம் நிமிஷத்தில் தூக்கம் விழுந்தாள், ஊசி ஓடிப்போய் எழுப்பினாள். கேப்டன் விழுந்தாள், எழுப்பினாள். எழுப்புவதற்குள் கிளி விழுந்தாள். ஒரு கிணறு, ஒரு சுவர், ஒரு படிக்கட்டு என்று அந்தப் பெண் பொம்மை மூச்சு வாங்க ஓடிக்கொண்டே இருந்தது. கோட்டையின் முதல் வாசல் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. எனக்கே புரிந்துவிட்டது, இது தேறாத கேஸ்.

பதினைந்தாம் நிமிஷம் கேப்டன், "கை தூக்கிடலாமா?" என்றாள். மூன்று பேர் சம்மதித்தால் ஆட்டத்தை அங்கேயே விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளலாமாம். "இதுக்கு மேல என்ன இருக்கு?"

தூக்கம் சரி என்றாள். கிளி ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று இங்கே சோபாவில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஃப்ரிட்ஜ்காரர் மெதுவாக, "விட்டுடேன்மா, தப்பில்லையே" என்றார்.

"நான் இருக்கேன்" என்றாள் லேப்காரி. மைக்கில் சொன்னாளா அவரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் கேட்டது. "நீங்க விழுங்க, நான் வரேன்."

இருந்தார்கள். இன்னும் பதினைந்து நிமிஷம் அடி வாங்கினார்கள். முப்பதாம் நிமிஷத்துக்குப் பத்து விநாடி முன்னால் கோட்டை போயிற்று. திரை கறுத்து, தோல்வி என்று பெரிய எழுத்தில் வந்தது. கீழே பட்டியல். நாலு பெயர்களும் அதில் இருந்தன. இத்தனை வாரமும் ஊசி என்ற பெயருக்கு எதிரே 'வெளியேறினார்' என்று வரும். இன்று அந்த இடத்தில் எத்தனை பேரை எழுப்பினாள் என்ற எண் இருந்தது. பத்தொன்பது.

லேப்காரி கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்களோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, கிளியின் குரல் வந்தது.

"ரெண்டாவது வாசல்ல நான் விழுந்து கிடந்தேன். எவ்வளவு கத்தினேன்! ஏன் வரல?"

"நீ கிணத்துக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தா நான் பறந்தா வர முடியும்?" என்றாள் லேப்காரி. "இந்தப் பக்கம் விழுந்திருக்கணும்."

"விழறதுக்கு இடம் பாத்து விழணுமா? நல்லா இருக்கே கதை!"

"பாத்துத்தான் விழணும். கேப்டன் எவ்வளவு சமர்த்தா படிக்கட்டுக்குக் கீழ விழறாங்க, பாரு."

"என்னை இழுக்காதீங்க" என்றாள் கேப்டன். "ரெண்டாவது வாசலை விட்டதே தப்பு. தூக்கம் அங்க என்ன பண்ணிட்டிருந்தா?"

"நானா? நான் அப்பவே சொன்னேன்..."

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், யார் முந்திக்கொண்டது, யாருக்குக் கண் தெரியவில்லை. லேப்காரி சோபா நுனிக்கு வந்து, ஒரு கையால் காற்றில் கிணறும் வாசலும் வரைந்து காட்டிக்கொண்டே சண்டை போட்டாள். அந்தப் பக்கம் அதைப் பார்க்க யாரும் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஃப்ரிட்ஜ்காரர் என்னைப் பார்த்து, "திட்டறாங்களேக்கா, தோத்ததுக்கு" என்றார் கவலையாக.

"திட்டட்டும்" என்றேன். ஓடிப்போனவளை யாரும் கிணற்றுக்கு எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்பதில்லை. இதை அவருக்கு விளக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, அவள் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்ததால், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.